இறுகாத முடிச்சு

மாட்டுக் கழுத்தில் போடும் முடிச்சு இறுகக் கூடாது, அவிழவும் கூடாது. மாடு மிரண்டு எவ்வளவு இழுத்தாலும் வளையம் போட்ட அளவிலேயே நிற்க வேண்டும். முளைக்குச்சியில் போடுவது வேறு. மாடு இழுக்க இழுக்க அது பிடிக்க வேண்டும், ஆள் வந்து தளர்த்தினால் உடனே கழன்றுவிடவும் வேண்டும். ஒரே தடிமனுள்ள இரண்டு கயிறுகளை இணைக்க ஒரு முடிச்சு. ஒன்று வடம் போலவும் மற்றது சணல் போலவும் இருந்தால் இன்னொரு முடிச்சு. எங்கள் தாத்தாவிடம் இவை எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. பௌலைன், குளோவிச்சு, ரீப்பு, சீட்டுபெண்டு. இவை ஆங்கிலப் பெயர்கள் என்பது கல்லூரிக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. ‘குளோவிச்சு’ என்பதை எங்கள் வடாற்காட்டு மாட்டுக்காரர்களின் பழைய சொல் என்றே நினைத்திருந்தேன். ஊரில் பாதிப் பேர் தாத்தாவிடம் கற்றுக்கொண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முடிச்சுப் போடும்போது தாத்தா கயிற்றைப் பார்க்க மாட்டார். கண் மாட்டின் மீது இருக்கும், அல்லது எங்கள் மீது, அல்லது மேற்கே இருட்டிக்கொண்டு வரும் மழையின் மீது. விரல்கள் தம் பாட்டுக்கு வேலை செய்யும். கயிற்றின் நுனியைச் சின்ன வளையத்துக்குள் ஏற்றி, பின்புறமாகச் சுற்றி, வந்த வழியே இறக்கி, கடைசியில் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அந்த அழுத்து இருக்கிறதே, அதைத்தான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முடிச்சு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. கோலம் போட்டு முடித்தவள் எழுந்திருக்கும் முன் விரல் நுனியால் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு எழுவாளே, அந்த மாதிரி ஓர் அழகுக்காக என்று நினைத்திருந்தேன். அழகுக்காக இல்லை. இருட்டில் கட்டிப் பழகியவர் அவர். விளக்குக் கொளுத்த முடியாத இடத்தில், கண் செய்ய வேண்டிய சோதனையைக் கட்டைவிரல் செய்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த அழுத்து இன்னும் அழகாகிவிட்டது.

ஊரில் அவருக்குப் பெயர் பட்டாளத்தார். வேலூர்ப் பக்கத்தில் இது அபூர்வமான பட்டம் இல்லை. கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். அங்கே பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த அளவுக்கு இல்லை, தெருவுக்கு இருவர் மூவர். தாத்தா 1944இல், பதினெட்டு வயதில், காட்பாடியில் ரயிலேறிப் பெங்களூர் போனார். அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் முகாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். 1780இல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று தொடங்கிய படை. துப்பாக்கியும் உண்டு, ஆனால் முக்கியமான ஆயுதம் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். ஆற்றில் பாலம் போடுவது, மலையில் பாதை வெட்டுவது, புதைத்து வைத்த வெடியைத் தேடி எடுப்பது. பின்னால் வருகிறவர்கள் நடப்பதற்காக முன்னால் போகிற படை.

இந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் ‘தம்பி’. படை முழுக்கத் தம்பிகள்தான், அண்ணன் என்று ஒருவரும் கிடையாது. பக்கத்து ஊரில் தாத்தாவின் கூட்டாளி ஒருவர் இருந்தார், அவரும் அதே குரூப்பு. எண்பதைத் தாண்டிய பிறகும் இருவரும் ஒருவரையொருவர் ‘தம்பி’ என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். பாட்டி முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள். “பல்லு போன கெழவனுங்க ரெண்டும் தம்பியாம்!”

பாட்டிக்கு இந்திய பூகோளம் வேறு மாதிரி. தாத்தாவின் கடிதங்களில் ஊர்ப்பெயர் இருக்காது. எங்கே இருந்தாலும் ‘56 ஏபிஓ’ என்றுதான் முகவரி. பட்டாளத்துத் தபால் அப்படித்தான். பாட்டி அதை ஓர் ஊர் என்று முடிவு கட்டிவிட்டாள். யாராவது கேட்டால், “அவுரு அம்பத்தாறுல கீறாரு” என்பாள். பிறகு கிழக்கே மாற்றலாகி ‘99 ஏபிஓ’ என்று கடிதம் வந்தபோது, தபால்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டாளாம்: “தொண்ணூத்தொம்போது இன்னா, அம்பத்தாறுக்கும் அந்தாண்ட கீதா?” அவளைப் பொறுத்தவரை எண் கூடக் கூடத் தூரமும் கூடியது. அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் தாத்தாதான்.

1965இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்தார். அதே ஆண்டு சில மாதங்களில் போர் மூண்டது. டீக்கடை ரேடியோவுக்குக் கீழே அவர் நின்ற இடத்தில் புல் முளைக்கவில்லை என்று அப்பா சொல்வார். பிறகு நிலம், மாடு, கிணறு. அதில் சொல்ல அதிகம் இல்லை. பட்டாளம் அவரிடமிருந்து போகவில்லை, வீட்டுச் சாமான்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வேப்பமரத்து ஆணியில் ஒரு கைக்கண்ணாடி தொங்கும். நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் மக்கில் வெந்நீர். விளிம்பில் இரண்டு இடத்தில் எனாமல் பெயர்ந்து கருத்திருக்கும்; குடிக்கும்போது உதடு படாத பக்கம் எது என்று அவருக்குத் தெரியும், நாங்கள் எடுத்தால் திருப்பிக் கொடுப்பார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் சவரம் தவறியது இல்லை. கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் உப்பவைத்து, மோவாயை வானத்துக்குத் தூக்கி, காதோரத்தில் தொடங்குவார். முடித்ததும் மக்கைக் கழுவி மண்ணில் கவிழ்த்துவைப்பார், கைப்பிடி கிழக்கே பார்த்து இருக்கும்படி. ஏன் கிழக்கே என்று ஒரு நாள் கேட்டேன். “இருட்டுல கை வெச்சா கெடைக்கணும் இல்ல?” என்றார். எங்கள் வீட்டில் தீப்பெட்டி, அரிவாள்மனை, கிணற்றுக் கயிறு எல்லாமே அந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. மருமகளாக வந்த அம்மாவுக்கு இது முதல் ஆறு மாதம் நரகமாக இருந்திருக்கிறது. பிறகு மின்வெட்டுக் காலம் வந்தது. தெருவில் எல்லா வீட்டிலும் தட்டுமுட்டு உருளும் சத்தம் கேட்கும்போது அம்மா மட்டும் நேராகப் போய்த் தீப்பெட்டியை எடுப்பாள். அதற்கப்புறம் அவள் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரவு பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலீஷ். எங்கள் பள்ளியில் ஷூ போட்டு வந்தவர்கள் நானும் தம்பியும் இன்னும் நாலைந்து பேரும்தான். தாத்தா திண்ணையில் சாக்கை விரித்து உட்கார்வார். பழைய பனியன் துணியை ஆள்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, செர்ரி பிளாசத்தைத் தொட்டும் தொடாமல் எடுத்து, ஷூவின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி வட்டம். அவசரமே இருக்காது. முதலில் தோல் மங்கும்; இன்னும் மங்கும்; கெடுத்துவிட்டாரோ என்று நமக்குத் தோன்றும் கட்டம் ஒன்று வரும். அதைத் தாண்டி ஒரு பத்து வட்டம். திடீரென்று உள்ளிருந்து ஒரு கறுப்பு மேலே வரும், ஆழக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அதில் திண்ணை விளக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தால் ஒரு ஷூ முடிந்தது என்று பொருள். குதிகால் பக்கத்தையும் விட மாட்டார். “முன்னால வர்றவன் மூக்கப் பாப்பான். பின்னால வர்றவன் குதிகாலத்தான பாப்பான்?”

அப்பா அந்த நேரத்தில் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் பேசாமல். அப்பாவின் சின்ன வயதில் தாத்தா வருஷத்துக்கு இரண்டு மாதம் லீவில் வரும் ஆள். ட்ரங்குப் பெட்டியோடும் பிஸ்கட் டின்னோடும் வந்து, பையன் கிட்டே வரப் பழகுவதற்குள் திரும்பிப் போய்விடுகிற ஆள். அப்பாவுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது மாமா. நீச்சல் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். தாத்தா எனக்கு இரண்டையும் கற்றுக்கொடுத்தார். ஒரு ஞாயிறு இரவு எங்கள் ஷூக்களை முடித்துவிட்டு, அப்பாவின் தோல் செருப்பை இழுத்துச் சாக்கின் மீது வைத்துக்கொண்டார். அப்பா, “அது எதுக்குப்பா” என்றார். தாத்தா பதில் சொல்லவில்லை. வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா உள்ளே போகவும் இல்லை.

போரைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம்தான். சொன்னதெல்லாம் டீயைப் பற்றியும் கடப்பாரையைப் பற்றியும்.

1948இல் அவர் காஷ்மீரில் இருந்தார். லடாக்குக்குப் போகும் வழியைச் சோஜிலா கணவாயில் எதிரிகள் அடைத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் காலாட்படை முயன்று பார்த்து முடியவில்லை. டாங்கிகளை மேலே ஏற்றுவது என்று ஜெனரல் திம்மையா முடிவெடுத்தார். ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டுவர்ட் டாங்கிகளை, மேலே இருக்கும் பீரங்கிக் கூண்டைக் கழற்றி, அடையாளம் தெரியாமல் ஜம்முவிலிருந்து கொண்டுவந்தார்கள். ஆனால் அடிவாரத்துப் பால்டாலிலிருந்து கணவாய்க்குப் போனது கோவேறு கழுதைப் பாதை. அதைப் பனிக்கும் குண்டுக்கும் நடுவே டாங்கி போகும் அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்கள். பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரம். வேலூர் வெயிலிலும் சேலம் வெயிலிலும் வளர்ந்த பையன்கள். நவம்பர் 1ஆம் தேதி டாங்கிகள் ஏறின. அவ்வளவு உயரத்தில் அதுவரை உலகத்தில் எங்குமே டாங்கி போருக்குப் போனது இல்லை. அந்த மாதமே திராஸும் கார்கிலும் கைக்கு வந்து, லே போகும் வழி திறந்தது.

இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது. தாத்தா சொன்னது இவ்வளவுதான்: “பனிய உருக்கித்தான் டீ போடுவாங்க. லங்கர்ல ஊத்தற வரைக்கும் கொதிக்கும். மக்க வாய்க்குக் கொண்டாறதுக்குள்ள பச்சத்தண்ணி.” அப்புறம் கடப்பாரை. அந்தக் குளிரில் வெறுங்கையால் இரும்பைப் பிடித்தால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், கையை எடுத்தால் தோல் வராது. அதனால் கடப்பாரையில் கோணி சுற்றிப் பிடிப்பார்களாம்.

எங்கள் வீட்டுக் கடப்பாரையிலும் கோணி சுற்றியிருக்கும். இரண்டு கைப்பிடி நீளத்துக்கு, நெருக்கமாக, நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகிக் கட்டியது. சித்திரை வெயிலில் வெளியே கிடந்த இரும்பைத் தொட முடியாது. கூலிக்கு வருகிறவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு பிடிப்பார்கள், எங்கள் கடப்பாரையை மட்டும் அப்படியே எடுப்பார்கள். சூட்டுக்காகச் சுற்றியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் கோணிக்கு அடியில் சோஜிலாவின் பனி இருந்தது.

டீயும் அவரை விடவில்லை. எங்களுக்குக் காபி கொடுக்கும்போது ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார். பால் புட்டிக்குத்தான் தாய்மார்கள் அப்படிப் பார்ப்பார்கள். எனக்குப் பதினாலு வயதாகும்வரை அவர் பார்த்தார். சூடாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறிவிட்டதா என்றல்லவா பார்த்திருக்கிறார்.

மழைக்காலத்துப் பள்ளிக்கூடப் பாதையைச் சொல்லாமல் தாத்தாவைச் சொல்லி முடிக்க முடியாது. ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே வரப்பு, ஒரு கால்வாய், அதற்கு அப்பால் சுற்றுச்சுவர் இல்லாத பாழுங்கிணறு ஒன்று. ஐப்பசியில் நாலு நாள் பிடித்துக்கொண்டால் கால்வாய் எது வயல் எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர் விரிப்பாகிவிடும். அந்த நாட்களில் தாத்தா எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுவார். பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டி வைத்திருப்பார். கையில் ஒரு கட்டுக் குச்சி. அடி வைப்பதற்கு முன் தடியால் தரையைச் சோதிப்பார். எல்லோரும் தடியை நேராக ஊன்றுவார்கள். அவர் சாய்த்து, பக்கவாட்டில் நுழைக்கிற மாதிரி, மெதுவாகக் குத்துவார். கெட்டி மண் தட்டினால் இரண்டு பக்கமும் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி வேட்டிக் கிழிசலை இழுத்துக் கட்டுவார். நாங்கள் வரும்போது தண்ணீரின் மேல் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவில் ஒருவர் நடக்கும் அகலம்.

“நானு முன்னால போறேன். நீ என் அடியிலயே அடி வெச்சி வா. அந்தாண்ட இந்தாண்ட போவாத.”

அவர் அடி பெரியது, என் அடி சின்னது. எனக்காக அவர் எட்டைக் குறைத்துப் போடுவார். எனக்குப் பின்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் தெருவில் பள்ளிக்குப் போகும் அத்தனை பிள்ளைகளும், ஒற்றை வரிசையில். அவர் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார், கெண்டைக்காலில் ஒரு பழைய தழும்பு. தண்ணீருக்குள் மூழ்கி, வெளியே வந்து, மூழ்கும் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டே நான் நடந்திருக்கிறேன். எங்கள் பிள்ளைப் பருவத்தில் ஒருவர்கூட அந்தக் கால்வாயில் விழுந்தது இல்லை. மழை நின்றதும் போய்க் குச்சிகளை எண்ணி எடுத்து வருவார். ஒன்று குறைந்தாலும் திரும்பிப் போய்த் தேடுவார். ஒரு வேட்டிக் கிழிசலுக்கு இவ்வளவா என்று பாட்டி கத்துவாள்.

வெடி புதைத்த நிலத்தில் அப்படித்தான் போவார்கள் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். கம்பியை நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும். சாய்த்துக் குத்தினால் பக்கவாட்டில் படும். சுத்தமான வழிக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா. முன்னால் போகிறவனின் அடியில் பின்னால் வருகிறவன் அடி.

அதைத் தெரிந்துகொண்டது சுபேதார் சுப்ரமணியனைப் பற்றித் தாத்தா ஒரு முறை சொன்னபோது. செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், அதே மெட்ராஸ் சாப்பர்ஸ். 1944 பிப்ரவரியில், இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில், வெடி அகற்றும் குழுவோடு போயிருக்கிறார். முன்னால் கருவி பிடித்துப் போனவர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். மிதித்ததற்கும் அது வெடித்ததற்கும் இடையே சில நொடிகள். அந்த நொடிகளில் சுப்ரமணியன் ஓடவில்லை. போய் அதன் மேல் படுத்துக்கொண்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். அதே ஆண்டு படையில் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு அல்சூரில் முதலில் காதில் விழுந்த கதைகளில் அது ஒன்று. சொல்லி முடித்துவிட்டு, தாத்தா கையிலிருந்த வைக்கோல் பிரியைத் திரித்துக்கொண்டே, “அவுரு நாடாவ நேரா கட்டிக்கினு வந்தாராம்” என்றார். மேலே விழுந்து படுத்ததை அவர் எடுத்துச் சொல்லவில்லை. நாடா நேராக இருந்ததைத்தான் சொன்னார். வேலைக்காரனுக்கு வேலைக்காரன் செலுத்தும் மரியாதை அது என்று தோன்றுகிறது.

வருஷத்துக்கு ஒரு நாள் அவர் முழு அலங்காரத்தில் கிளம்புவார். நவம்பர் மாதம், பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதாக நேரில் போய்ச் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். திண்ணையில் வட்டம் வட்டமாகத் தேய்த்த அதே பளபளப்பில் கறுப்பு ஷூ. டிஸ்சார்ஜ் புத்தகம் மஞ்சள் பையில். கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சீராகப் போக மாட்டார். கவுன்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்தும் பாராமல் முத்திரை குத்துவார். தாத்தா விறைத்து நின்று, தன் எண்ணை முதலிலும் பெயரைப் பிறகும் சொல்வார். எண் சொல்லும்போது குரல் இருபது வயது குறைந்துவிடும்.

வேலை முடிந்ததும் லாங் பஜார் வழியாகத்தான் திரும்புவோம். அங்கே மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு. முதல் உலகப்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். சுற்றிலும் வெங்காய மூட்டை, வண்டி, இரைச்சல். தாத்தா அந்த நெரிசலில் ஒரு நிமிடம் நிற்பார். ஒவ்வொரு வருஷமும் படித்ததையே படிப்பார். ஒரு முறை மட்டும், “எண்ணு இருக்குது, பேரு இல்ல பாரு” என்றார். பிறகு எனக்குப் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார்.

2012இல், எண்பத்தாறு வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று காலை மக்கு கவிழ்ந்தே இருந்தது, கைப்பிடி கிழக்கே.

தெருப் பையன்கள் பச்சை மூங்கில் வெட்டி வந்து பாடை கட்டினார்கள். தென்னங்கயிற்றை ஏதோ சுற்றி, ஏதோ இறுக்கி, ஒரு வழியாகக் கட்டி முடித்தபோது பக்கத்து ஊரிலிருந்து அவருடைய கூட்டாளி வந்து சேர்ந்தார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு, தடி ஊன்றி. தாத்தாவின் அருகில் போய் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை. திரும்பிப் பாடையைப் பார்த்தார். தடியால் ஒரு கட்டைத் தட்டினார். குறுக்கு மூங்கில் நகர்ந்தது.

“அவுறு” என்றார்.

பையன்கள் விழித்தார்கள். நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“எல்லாத்தயும் அவுறு. தம்பிக்கு இது புடிக்காது.”

பேரன் தோளைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கயிற்றைக் கையில் கொடுத்தபோது அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. கயிறு மூங்கிலைத் தொட்டதும் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. முதலில் குளோவிச்சு. குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்று. இரண்டு மூங்கிலுக்கும் நடுவே புகுத்தி இரண்டு இறுக்கு. மறுபடி குளோவிச்சில் முடிப்பு. அடுத்த கட்டுக்கு நகர்ந்தார். எல்லோரும் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கயிற்றைப் பார்க்கவே இல்லை, தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து இடத்தில் பத்துக் கட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் கட்டைவிரலால் ஓர் அழுத்து.